நிம்மதியில் எழுபத்தைந்து சதவீதம்

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்ததாம். ‘இருந்ததாம்’ என்று சொல்லக் காரணம் உண்டு. இதை எனக்குச் சொன்னவர் தென்காசி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்தவர். அவருக்குச் சொன்னது அவருடைய மச்சினர். மச்சினரும் நேரில் பார்த்தவர் இல்லை. ஆகவே கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை. குறைத்திருந்தால் அது பஸ் சத்தத்தில் காதில் விழாததாக இருக்கும்.

அந்தக் கல்லூரியில் இறுதியாண்டு படித்தவள் முள்ளெலி அஞ்சுகம். அஞ்சுகம் என்றால் கிளி. அவளுடைய அப்பா பொருள் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, ஓசை பார்த்து வைத்தார்.

பயம் வந்தால் முள்ளெலி உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அஞ்சுகத்துக்குப் பயம் வராத நேரம் குறைவு. வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் சுருள்வாள். மெஸ்ஸில் இன்னொரு தோசை கேட்க வாயெடுப்பாள், கேட்பதற்குள் சுருண்டுவிடுவாள். முதலாண்டில், சீனியர்கள் வருகிறார்கள் என்று யாரோ சொல்ல, விடுதி வராந்தாவில் அப்படியே சுருண்டு கிடந்தாள். பலாப்பிஞ்சு என்று நினைத்து யாரோ எடுத்துப்போய் மெஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள். எண்ணெய் காயும் சத்தம் கேட்டு விரிந்ததால் பிழைத்தாள். அன்று மெஸ்ஸில் கூட்டு இல்லாமல் போனதற்கு இன்றைக்கும் சிலர் அவளைக் குறை சொல்கிறார்கள்.

அதனால்தான் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்று வந்தபோது, மாணவர்களின் மனநலத்துக்கு ஒரு மொபைல் ஆப் செய்கிறேன் என்று போய் நின்றாள். தன்னைப் போல இன்னொரு ஜீவன் கூட்டில் வேகக் கூடாது என்பதுதான் அவளுடைய எண்ணம்.

வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு நாரை. ஒற்றைக் காலில் நின்றபடியே கேட்டார்.

“இதுல புதுசா, நாவல்ட்டின்னு என்னம்மா?”

“மூச்சு சார்.”

“எல்லாரும்தான் மூச்சு விடுறாங்க.”

“ஒழுங்கா விடுறதில்ல சார். போனை வயித்து மேல வச்சிட்டுப் படுத்தா, நெஞ்சு எப்படி அடிக்குது, மூச்சு எப்படிப் போவுதுன்னு ஆப் பாத்துக்கும். நிம்மதியா இருந்தா பச்சை. பதற்றமா இருந்தா சிவப்பு. சிவப்பு வந்தா எப்படி மூச்சு விடணும்னு அதுவே சொல்லிக்கொடுக்கும்.”

“பேரு?”

“நிம்மதி.”

நாரை மற்றக் காலுக்கு மாறினார். அப்படியென்றால் சம்மதம் என்று அர்த்தம்.

அன்று மாலையே அப்பாவிடமிருந்து போன் வந்தது.

“யம்மா அஞ்சுகம், பேனர் கட்டியாச்சு!”

“என்ன பேனருப்பா?”

“நீ பட்டதாரி ஆனதுக்குத்தான்.”

“நான் இன்னும் ஆகலியேப்பா! வைவா இருக்கு, பரீட்சை இருக்கு...”

“நீ படிக்கிற பிள்ளை, ஆகாமலா போயிருவ? ரோட்டு முக்குல இருக்க புளியமரம் இன்னைக்குத்தான் காலியாச்சு. விட்டா முயல்காரன் காதுகுத்துக்குப் பிடிச்சிருவான். அவன் வீட்ல எந்நேரமும் காதுகுத்துதான். அதான் முந்திக்கிட்டேன்.”

படத்தையும் அனுப்பினார். ‘எங்கள் வளையின் முதல் பட்டதாரியே, வருக! வருக!’ என்று எழுதி, நடுவில் கறுப்பு அங்கி போட்ட அஞ்சுகம் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கி கடைக்காரர் கம்ப்யூட்டரில் போட்டது. சிரிப்பும் அப்படித்தான். சுற்றிலும் வாழ்த்தும் சித்தப்பாக்கள், மாமாக்கள். போட்டோ எடுக்கும்போது எல்லோரும் பயந்துவிட்டதால் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு முள் உருண்டை இருந்தது. எது எந்தச் சித்தப்பா என்று அஞ்சுகத்துக்கே தெரியவில்லை.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ப்ராஜெக்ட் போய்விட்டால் அரியர். அரியர் என்றால் பேனரை இறக்க வேண்டும். கட்டும்போது நாலு பேர் பார்த்தார்கள். இறக்கும்போது ஊரே நின்று பார்க்கும். அப்பா தினமும் அந்தப் புளியமரத்தடியில் போய் நின்று, போகிற வருகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்வரை இருமிக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள். அதைக் கேட்டு அஞ்சுகம் சுருண்டவள், மதியம் வரை விரியவில்லை.

விரிந்த பிறகு வேலையை ஆரம்பித்தாள். ஆப் முடிந்ததும் விடுதியில் சிலரைப் பிடித்துச் சோதித்தாள்.

எழுத்தெல்லாம் தலைகீழாக இருக்கிறது என்று வௌவால்கள் குறை சொன்னார்கள். திருப்பி வைத்தாள். இப்போது மற்ற எல்லோரும் குறை சொன்னார்கள். புள்ளிமானுக்கு எந்நேரமும் சிவப்பு காட்டியது. “நான் தூங்கி எழுந்து இப்பத்தான் வாரேன்” என்றான் மான். ஆமை அதற்கு நேர் எதிர். அவன் ஒரு மூச்சை இழுத்து, அடுத்த மூச்சை விடுவதற்குள் ஆப் பொறுமையிழந்து, அவனுடைய வீட்டுக்கு ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று செய்தி அனுப்பிவிட்டது. பெற்றோர் மாலையோடு கிளம்பிவிட்டார்கள். நல்லவேளை, அவர்களும் ஆமைகள். அவர்கள் வந்து சேர்வதற்குள் அஞ்சுகம் ஆப்பைத் திருத்தி, ஆமையையும் குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டாள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவளால் சோதிக்க முடியவில்லை. தன்னை. பதற்றம் வந்தால் அவள் சுருண்டுகொள்வாள். சுருண்டால் வயிறு உள்ளே போய்விடும். போனை எங்கே வைப்பது? ரிப்போர்ட்டில் அதையும் ஒளிக்காமல் எழுதினாள்: ‘இந்த ஆப் இதைச் செய்தவருக்குப் பயன்படாது.’

அந்த வரியை நாரை அடித்துவிட்டார்.

“யூசர்ஸ் எவ்வளவு பேர்?” என்று கேட்டார்.

“கொஞ்சம் பேர்தான் சார். யாரும் வயித்துல போன் வச்சிட்டுப் படுக்க மாட்டேங்கிறாங்க. கண்ணு முன்னாலதான் வச்சிட்டுப் படுக்கிறாங்க.”

“எண்ணிக்கை இல்லாம வைவாவுக்கு வராதம்மா. வெளியில இருந்து வர்ற எக்ஸ்டர்னல் சும்மா விட மாட்டார். இரு, நான் பிரின்சிபால்கிட்ட பேசுறேன்.”

பேசினார். அதுதான் தப்பு.

முதல்வர் ஒரு கரடி. சர்க்குலர் அனுப்புவதில் அவருக்கு நிகர் அந்த மலைத்தொடரிலேயே இல்லை. தேன் கூட்டைக் கண்டால் மற்றக் கரடிகள் கையை விடும். இவர் ‘தேன் கூடு தொடர்பாக’ என்று ஒரு சர்க்குலர் விடுவார். நிம்மதி ஆப் பற்றிக் கேட்டதும் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றே போனது சர்க்குலர்: இனி வருகையில் எழுபத்தைந்து சதவீதம் வேண்டும் என்பது போல, நிம்மதியிலும் எழுபத்தைந்து சதவீதம் வேண்டும். இல்லாதவர்களுக்கு ஹால்டிக்கெட் கிடையாது.

சர்க்குலரைப் படித்ததும் கல்லூரி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அதுவரை பச்சையாக இருந்தவர்களும், பச்சையாக இருக்க வேண்டுமே என்ற கவலையில் சிவந்தார்கள். புள்ளிமான் அறைக்குள் ஓடினான், வெளியே ஓடினான், மறுபடி உள்ளே ஓடினான்.

அஞ்சுகத்தின் அறைத்தோழி கீரிப்பிள்ளை இசக்கி. வாய்க்காரி. கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“ஏட்டி அஞ்சு! என்ன காரியம்ட்டி பண்ணி வச்சிருக்க? நாங்க பாட்டுக்கு அழுதோம், தூங்கினோம், யாருக்கும் தெரியாம இருந்துது. இப்போ அழுதாலும் அட்டெண்டன்ஸ் போவுது!”

கட்டிலுக்கு அடியில் இருந்த உருண்டையிலிருந்து குரல் வந்தது. “நான் இப்படி நினைக்கலட்டி.”

“நீ நினைச்சியோ நினைக்கலியோ, விரி முதல்ல. உருண்டைகிட்ட எப்படிச் சண்டை போட?”

அஞ்சுகம் பாதி விரிந்தாள். இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள். அந்தக் காட்டுக் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. வகுப்புக்கு வராதவனுக்காக வந்தவன் குரலை மாற்றி ‘உள்ளேன் ஐயா’ சொல்வான். அதற்குப் பெயர் ப்ராக்ஸி. கிளிகளுக்குப் படிக்காமலே நல்ல மரியாதை இருந்தது இதனால்தான். இசக்கியும் அதைத்தான் யோசித்தாள்.

“அட்டெண்டன்ஸுக்கு ப்ராக்ஸி உண்டுன்னா, நிம்மதிக்கு மட்டும் ஏன்ட்டி கிடையாது? ஆப்புக்கு வேண்டியது ஒரு நிம்மதியான உடம்பு. அது யாரு உடம்புன்னு அதுக்குத் தெரியுமா?”

அஞ்சுகம் உண்மையைச் சொன்னாள். “தெரியாது.”

“அப்போ வா, சடையாண்டி அண்ணாச்சிகிட்ட போவோம்.”

சடையாண்டி ஒரு எருமை. விடுதிக்குப் பின்னால் உள்ள குளத்தில் கிடப்பார். கல்லூரி கட்டுவதற்கு முன்பே அங்கேதான் கிடந்தார். சுற்றிக் கட்டடம் வந்துவிட்டது, வாசலில் கேட்டும் போட்டுவிட்டார்கள், உள்ளே இருக்கிறவரை என்ன செய்வது என்று தெரியாமல் அட்மிஷன் போட்டுவிட்டார்கள். அன்று முதல் இறுதியாண்டு படிக்கிறார். அவருடைய அரியர்களைக் கேட்டால் ஆபீஸில் பெருமூச்சு விடுவார்கள். அவர் விட மாட்டார்.

“அண்ணாச்சி, ஒரு உதவி” என்றாள் இசக்கி. “உங்க முதுகு வேணும்.”

“வச்சிக்கோ” என்றார் சடையாண்டி. எதற்கு என்று கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கமில்லை.

இசக்கி தன் போனை அவர் முதுகில் வைத்தாள். ஆப் கொஞ்சம் திணறியது. பிறகு, அஞ்சுகம் தானே தேர்ந்தெடுத்து வைத்திருந்த பச்சையிலேயே மிக அழகான பச்சை வந்தது.

அன்று முதல் மாலையானால் கல்லூரியே குளத்துக்கு வந்தது. எல்லாப் போனும் எருமை முதுகில். இடம் போதாமல் கொம்பிலும் செருகினார்கள். எருமை புரண்டு படுக்காது, அதனால் போனுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குக் கதை சொன்னவர் அடித்துச் சொன்னார்.

அஞ்சுகத்துக்குத்தான் உறுத்தியது. அவளுடைய திரையில் கல்லூரி முழுவதும் பச்சை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள், ஒரே நேரத்தில் விட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏப்பம் வந்தது. இது பொய்க் கணக்கு; இதை வைவாவில் காட்டினால் தானும் பொய்.

ஆனால் குளக்கரையில் இன்னொன்றும் நடந்தது. போனைக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்குக் கையில் ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கையையே பார்த்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார்கள். வௌவால்களுக்குப் பாட்டு வரும் என்பது அங்கேதான் தெரிந்தது. ஆமை ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்தான். நாலு நாள் மாலையில் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். முடிவில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புள்ளிமான் காதை ஆட்டாமல் முழுசாக ஒரு வாழைப்பழம் தின்றான்.

“கணக்கு பொய்தான்ட்டி. ஆனா எல்லாரும் நிஜமாவே நல்லா இருக்காங்க” என்றாள் அஞ்சுகம். “இதை ரிப்போர்ட்ல எப்படி எழுத?”

“எழுதாத” என்றாள் இசக்கி. “பேனரை நினைச்சுக்கோ.”

பேனரை நினைத்தாள். சுருண்டாள்.

வைவா நாள் வந்தது. எல்லோருடைய நிம்மதியையும் திரையில் நேரடியாகக் காட்ட வேண்டும் என்று கரடி சர்க்குலர் விட்டிருந்ததால், எல்லோரும் காலையிலேயே போனை எருமை முதுகில் வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சுகம் போகிற வழியில் குளத்துக்கு வந்தாள். இவ்வளவு உதவி செய்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மரியாதை இல்லை.

“அண்ணாச்சி, வைவாவுக்குப் போயிட்டு வாரேன்.”

“போயிட்டு வா தாயி.”

அதோடு போயிருக்கலாம். ஆனால் அவளுக்குப் போக மனம் வரவில்லை. ஏதாவது பேசினால் தேவலை போலிருந்தது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு சொந்தக்காரரும் தன்னிடம் கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது. மரியாதைக்குத்தான் கேட்டாள்.

“படிச்சு முடிச்சிட்டு அடுத்து என்ன செய்யப் போறீங்க அண்ணாச்சி?”

“அடுத்தா?” என்றார் சடையாண்டி.

நேரமாகிவிட்டது என்று அவள் ஓடிவிட்டாள். எருமை அசை போடுவதை நிறுத்தியதை அவள் பார்க்கவில்லை.

வைவா அறையில் கரடி, நாரை, வெளிக்கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னலாக வந்திருந்த ஓர் ஓணான். ஓணான் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டினார். பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. சுவரில் பெரிய திரை. திரை முழுக்கப் பச்சை.

“பிரமாதம்” என்றார் கரடி. “இப்படி ஒரு நிம்மதியை நான் குளிர்காலத் தூக்கத்தில்கூட அனுபவித்ததில்லை.”

அஞ்சுகம் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு எட்டு முன்னால் வந்தாள். புளியமரம் கண்ணில் வந்தது. நின்றாள்.

எருமைக்கு எதுவும் மெதுவாகத்தான் போய்ச் சேரும். கேள்வி காதில் விழுந்து, கழுத்து வழியாக இறங்கி, நெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்த நேரம் அதுதான். அதுவரை அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அடுத்து என்று ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியவந்தது.

திரை சிவந்தது. ஒரு மூலை மட்டும் அல்ல, ஒருவர் இருவர் அல்ல. முழுக் கல்லூரியும் ஒரே நொடியில் சிவந்து, ஒரே நேரத்தில் மூச்சு வாங்கியது. சுவர் அதிர ஆப் எச்சரிக்கை மணியடித்தது.

“கடவுளே! எல்லாப் பிள்ளைகளுக்குமா?” என்று நாரை இரண்டு காலையும் ஊன்றினார். அவர் இரண்டு காலில் நின்று பார்த்தவர்கள் அதற்கு முன் யாருமில்லை.

கரடி வீணாக்க நேரமில்லாதவர். போனை எடுத்து அங்கேயே தட்டினார்: மாணவர்களின் கூட்டுப் பதற்றத்தை முன்னிட்டுத் தேர்வுகள் ஒத்திவைக்கப்படுகின்றன, அனைவரும் வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கவும். அனுப்பினார். குளத்துப் பக்கமிருந்து காடே அதிரும்படி ஒரு சத்தம் வந்தது.

“கேளுங்கள், எப்படிக் கதறுகிறார்கள்!” என்றார் கரடி.

அது விசில் சத்தம் என்று அஞ்சுகத்துக்குத் தெரியும். இதற்கு மேல் அவளால் முடியவில்லை. சுருண்டுவிட்டாள். சுருண்டால் யார் முகமும் தெரியாது. முகம் தெரியாவிட்டால் கொஞ்சம் தைரியம் வரும். உருண்டைக்குள்ளிருந்து சொன்னாள்:

“ஐயா, அது எல்லாரும் இல்லங்க ஐயா. ஒரே ஒரு எருமை.”

ஓணான் தலையாட்டுவதை நிறுத்தினார். உருண்டை விடாமல் எல்லாவற்றையும் சொன்னது. ப்ராக்ஸி, குளம், முதுகு, கொம்பு, தான் கேட்ட கேள்வி. இசக்கியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. ‘ஒரு தோழி’ என்றது.

கரடி நாரையைப் பார்த்தார்.

“சர்க்குலர் போயிற்றா?”

“போயிற்று ஐயா.”

“எண் போட்டா?”

“எண், தேதி எல்லாம் போட்டுத்தான்.”

கரடி நாற்காலியில் சாய்ந்தார். “அம்மா, நீ நல்ல பிள்ளை. ஆனால் உனக்கு நிர்வாகம் தெரியவில்லை. சர்க்குலர் போவதற்கு முன்னால் என்றால் அது ஒரு எருமை. நீ அரியர், அந்தத் தோழி சஸ்பெண்ட், எருமைக்கு மெமோ. சர்க்குலர் போன பிறகு அது எருமையாக இருக்க முடியாது. ஒரு எருமைக்காக நான் தேர்வை ஒத்திவைத்தேன் என்று வெளியே தெரியலாமா? இப்போது அது கூட்டுப் பதற்றம். அதைக் கண்டுபிடித்தது உன் ஆப். ஆகவே உன் ஆப் துல்லியமானது. ஆகவே நீ பாஸ்.”

“நான் உண்மையைச் சொன்னதுக்கு ஐயா?”

நாரை மதிப்பெண் தாளை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்குக் கட்டமே இல்லம்மா.”

ஓணான் மறுபடி தலையாட்ட ஆரம்பித்தார்.

வெளியே இசக்கி மூட்டை முடிச்சோடு காத்திருந்தாள். “ஏட்டி, உள்ள எல்லாத்தையும் சொல்லிட்டியாமே!”

“சொல்லிட்டேன்.”

“பரீட்சை?”

“இப்ப இல்ல.”

“நீ?”

“பாஸு.”

“அப்போ சொன்னதுல தப்பே இல்ல” என்றாள் இசக்கி, பரந்த மனதோடு.

அஞ்சுகம் குளத்துக்குப் போனாள். சடையாண்டி கரையேறி நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கால்கள் இருப்பதே அன்றுதான் பலருக்கும் தெரிந்தது.

“அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. நான் சும்மா கேட்டேன். மூச்சை மெதுவா இழுத்து, மெதுவா விடுங்க.”

“அதைத்தானே தாயி இத்தனை வருஷமா செஞ்சேன்” என்றார் சடையாண்டி. “அடுத்து என்னங்கிறதுதான் தெரியல. நீ என்ன செய்யப் போற?”

அப்போது அவளுடைய போன் அடித்தது. அப்பா.

“யம்மா, பாஸாமே! நாரை வாத்தியார் சொன்னாரு. பேனர் அப்படியே இருக்கட்டும். எதுத்தாப்ல வேப்பமரம் ஒண்ணு காலியா இருந்துது, அதையும் பிடிச்சிட்டேன். ‘எங்கள் வளையின் முதல் அரசு ஊழியரே’ன்னு அடிக்கக் கொடுத்தாச்சு. நீ ஒண்ணும் அவசரப்படாத. முயல்காரன் முந்திரக் கூடாதுல்ல, அதான்.”

அஞ்சுகம் போனை மெதுவாக எருமையின் முதுகில் வைத்தாள். பிறகு சுருண்டாள். சடையாண்டி அவளைப் பார்த்தார். என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தார். தண்ணீரில் இறங்கிப் படுத்தார். முள் உருண்டையை மூக்கால் தள்ளித் தன் கொம்புகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். முதுகில் இருந்த போன் கொஞ்ச நேரம் சிவப்பாக இருந்தது. பிறகு யாருடையது என்று சொல்ல முடியாத ஒரு மூச்சில், பச்சையானது.

நீதி: எப்போதும் உண்மையே பேசு, சர்க்குலர் போன பிறகு பேசு.

கதையில் ஒன்றை மட்டும் பின்னால் நான் நேரில் போய்ச் சரிபார்த்தேன். எருமை புரண்டு படுக்கும். இதை வேறொருவர் போனிலிருந்து எழுதுகிறேன்.